மெட்டுக் கணக்கு

கிட்டாரைப் பத்திப் பேசுறவங்க எல்லாரும் அதோட உடம்பைப் பத்தித்தான் பேசுவாங்க. மேல்பலகை என்ன மரம், இடுப்பு எப்படி வளைஞ்சிருக்கு, பாலிஷ் எப்படி மின்னுதுன்னு. ஆனா ஒரு கிட்டார் உண்மை பேசுதா பொய் பேசுதான்னு தீர்மானிக்கிற இடம் வேற. கழுத்து மேல ஒட்டியிருக்கிற ஒரு விரல்பலகை. அதுல குறுக்கால அடிச்சிருக்கிற இருபது உலோகக் கம்பி. ஃபிங்கர்போர்டு, ஃப்ரெட்டுன்னு கடையில சொல்றாங்க. வீணைக்காரங்க இந்தக் கம்பிக்கு மெட்டுன்னு பேர் வச்சிருக்காங்க. நல்ல பேரு. நானும் அப்படியே சொல்றேன்.

இந்தப் பத்திரிகையில மரவேலைக் கட்டுரை எதுக்குன்னு நீங்க கேக்கலாம். எங்க காலனி மாலைப் பள்ளியில நடந்ததைச் சொன்னா காரணம் விளங்கும்.

பள்ளிக்கு யாரோ நன்கொடையாக் கொடுத்த ஒரு மலிவு கிட்டார் இருந்துச்சு. அதை வச்சுப் பழக ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பொண்ணு டவுனுக்கு வகுப்புக்குப் போனா. மூணே மாசத்துல நிறுத்திட்டா. "ஒனக்குக் காது இல்ல, ஒங்களுக்கெல்லாம் தாளம் வரும், சுருதி வராது"ன்னு வாத்தியார் சொல்லிட்டாராம். அந்த 'ஒங்களுக்கெல்லாம்' யாருன்னு நான் விளக்க வேண்டியதில்ல. அவ சொன்ன இன்னொரு விஷயந்தான் என்னைக் குடைஞ்சது. "மாமா, மொத நாலு கட்டைக்குள்ள வாசிச்சா நல்லாருக்கு. கீழ எறங்க எறங்க என்னமோ இடிக்குது. நான் சரியாத்தான் அமுக்குறேன்."

கிட்டாரை வாங்கி அளந்து பார்த்தேன். தலைப்பக்கம் கம்பி ஏறி நிக்கிற துண்டுல இருந்து பன்னிரண்டாவது மெட்டு வரைக்கும் 324 மில்லிமீட்டர். அங்கேருந்து பாலம் வரைக்கும் 320. ரெண்டும் சமமா இருக்கணும். சொல்லப்போனா பாலத்துப் பக்கம் ஒண்ணு ரெண்டு மில்லி கூடவே இருக்கணும். இதுல குறைவா இருக்கு. அப்ப பன்னிரண்டாவது மெட்டுல அமுக்கினா சுரம் ஏறித்தான் ஒலிக்கும். அது மட்டும் இல்ல. மெட்டுகளுக்கு நடுவுல உள்ள இடைவெளி தலையிலேருந்து பாலத்தைப் பார்க்கப் போகப் போக குறைஞ்சுக்கிட்டே வரணும். இதுல நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல இருக்கிறதைவிடப் பெருசு. அந்தப் பொண்ணுக்குக் காது இல்லாம இல்ல. காது இருந்ததாலதான் இடிச்சது. அளவு தப்பு கருவி மேல, பழி பிள்ளை மேல. நம்ம சனத்துக்கு இது புதுசா என்ன?

நான் ஒரு கிட்டார் செய்யிறதுன்னு அப்பத்தான் முடிவு பண்ணேன்.

*

மரவேலை எனக்கு வந்த வழி நேர்வழி இல்ல. எங்க தாத்தா ஊருக்குத் தோலு பதம் போட்டவர். செத்த மாடு தூக்குறது, தோலுரிக்கிறது, சுண்ணாம்புத் தொட்டியில ஊறப் போடுறது, தப்புக்குத் தோல் கட்டுறது எல்லாம் அவர் வேலை. எங்கய்யா தப்பைக் கையால தொடமாட்டேன்னு வைராக்கியமா மதுரைக்கு வந்து மூட்டை தூக்கினார். என்னை ஒரு மரச்சாமான் பட்டறையில சேர்த்துவிட்டார். அங்க எனக்கு உப்புத்தாளும் பாலிஷும்தான். எட்டு வருசம் தேய்ச்சேன். உளியையும் இழைப்புளியையும் தொட்டா முதலாளி மூஞ்சி மாறிரும். "அது அவங்க வேலைப்பா"ம்பார். சாப்பாட்டு நேரத்துல ஒரு வயசான ஆசாரி மட்டும் யாருக்கும் தெரியாம இழைப்புளியைக் கையில கொடுத்து, "மரத்தைப் பாத்து இழை, எதிர்த்து இழைக்காத"ன்னு சொல்லிக் கொடுத்தார். கை பழகினது அவராலதான். அதை மறைக்கிறது நியாயமில்ல.

கிட்டார் எங்களுக்குக் காதுல வந்தது டீக்கடை ரேடியோ வழியா. 1976ல 'அன்னக்கிளி'க்குப் பின்னால தமிழ்ப் பாட்டோட சத்தமே மாறிப்போச்சு. 1982ல 'பயணங்கள் முடிவதில்லை' வந்தப்ப, அதுல 'இளைய நிலா'வுக்கு ஓடுற கிட்டாரைக் கேக்கிறதுக்காகவே டீ ஆறிப்போக உக்காந்திருந்த ஆளுங்க எங்க தெருவுல உண்டு. கேக்கிறதுக்கு உரிமை இருந்துச்சு. செய்யலாம்னு யாருக்கும் தோணல.

விரல்பலகைக்குக் கெட்டியான மரம் வேணும். கம்பியும் நகமும் நாள் பூரா உரசுற இடம் அது. கருங்காலி இல்லாட்டி ஈட்டி. உலகத்துல பேர் போன கிட்டார் பலதுல நம்ம மேற்குமலை ஈட்டிதான் இருக்கு. 1960களோட கடைசியில பிரேசில் ஈட்டிமரத் தடி கிடைக்கிறது தடைப்பட்டதும் அமெரிக்கக் கிட்டார்க்காரங்க இந்திய ஈட்டிக்குத் திரும்பினாங்க. இங்க தமிழ்நாட்டுல 1994ல ஈட்டிமரத்தைக் காப்பாத்தத் தனிச் சட்டமே போட்டாங்க. 2017 சனவரியில உலக அளவுல ஈட்டி இனம் முழுசுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்துச்சு. செஞ்சு முடிச்ச இசைக்கருவிக்கு 2019ல விலக்குக் கொடுத்தாங்க. மலையில மரத்தோட இருந்தவனுக்கு அதுல ஒரு சிலாம்பு எடுக்க உரிமை கிடையாது. கப்பல்ல போயி கிட்டாரா திரும்பி வந்தா கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும்.

நான் பழைய மரக்கடைக்குப் போனேன். இடிச்ச பெரிய வீடு ஒண்ணுல இருந்து வந்த ஊஞ்சல் பலகை உடைஞ்சு கிடந்துச்சு. ஈட்டி. ரெண்டு தலைமுறை உலர்ந்த மரம். தட்டினா மணி மாதிரி சத்தம். ஒரு வாரக் கூலிக்கு ஒரு துண்டு கொடுத்தான். அந்த ஊஞ்சல்ல நம்மாளு யாரும் உக்காந்திருக்க முடியாது. தள்ளிவிட்டிருக்கலாம், அதுவும் கயித்தை மட்டும் தொட்டு. அரை மீட்டர் நீளம், ஏழு மில்லி கனத்துக்கு இழைச்சு எடுத்தேன். உள்ள ஊதாவும் கறுப்புமா ஓடுச்சு ரேகை.

*

இனி கணக்கு. நம்ம பிள்ளைகளுக்குக் கணக்கு வராதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்றதைக் கேட்டு வளர்ந்தவங்க நாம. அதனால இதை நிதானமாச் சொல்றேன்.

கம்பி மொத்தம் 650 மில்லி நீளம்னு வச்சுக்கோங்க. அதைச் சரிபாதியா 325ல அமுக்கினா அதே சுரம் ஒரு மடங்கு மேல கேக்கும். இந்த ஒரு மடங்கைப் பன்னிரண்டு சம படியாப் பிரிக்கணும். சமம்னா நீளத்துல சமம் இல்ல, காதுக்குச் சமம். ஒவ்வொரு படியிலயும் மிச்சமிருக்கிற கம்பியில ஒரே பங்கைக் குறைச்சுக்கிட்டே போகணும். 1581ல இத்தாலியில வின்சென்ஸோ கலிலேயி, அதாவது விஞ்ஞானி கலிலியோவோட அப்பா, லூட் கருவிக்குப் பதினெட்டுல ஒரு பங்கு குறைன்னு எழுதினார். கைவேலைக்காரங்க ரொம்ப காலம் அதை வச்சே மெட்டுப் போட்டாங்க. ஆனா பதினெட்டால வகுத்துக்கிட்டே போனா பன்னிரண்டாவது மெட்டு 325ல நிக்காது, 322.6ல நிக்கும். ரெண்டரை மில்லி கிட்டத்தட்ட குறையும். சரியான எண் 17.817. இது ரெண்டோட பன்னிரண்டாம் மூலத்துல இருந்து வருது.

650ஐ 17.817ஆல வகுத்தா 36.48. அது முதல் மெட்டு. மிச்சம் 613.52. அதை மறுபடியும் 17.817ஆல வகுத்தா 34.43. இப்படியே இறங்கலாம். அந்த ஒன்பதாம் வகுப்புப் பொண்ணுதான் கால்குலேட்டரை வச்சு இருபதையும் போட்டா. பன்னிரண்டாவதுக்கு 325 வந்ததும் "வந்திருச்சு மாமா"ன்னு ஒரு கத்து கத்தினா பாருங்க, பக்கத்து வீட்டுல எட்டிப் பார்த்தாங்க.

குறிக்கிறப்ப ஒரு விதி உண்டு. ஒரு மெட்டுல இருந்து அடுத்த மெட்டுக்கு அளந்து அளந்து போகக்கூடாது. ஒவ்வொண்ணுலயும் இம்மி இம்மியா விலகினா கடைசியில ஒரு மில்லி ரெண்டு மில்லி ஆயிரும். ஸ்கேலை ஒரே இடத்துல பிடிச்சு வச்சுக்கிட்டு, எல்லாத்தையும் தலையிலேருந்தே அளந்து கத்தி முனையால கீறணும். பென்சில் கோடு தடிமன். பாலத்தை நெருங்க நெருங்க அரை மில்லிக்கூட காதுக்குத் தெரியும்.

கீறின கோட்டுல மூலைமட்டம் வச்சு ரம்பத்தால வெட்டணும். பலகையை ஓரம் சரிவா இழைக்கிறதுக்கு முன்னாலயே இதைச் செஞ்சிரணும். விரல்பலகை தலைப்பக்கம் 43 மில்லி அகலம், கீழ போகப் போக 56 மில்லி. சரிவா இழைச்சுட்டா மூலைமட்டம் சாய்க்க நேர் ஓரம் இருக்காது. ரம்பம் ரொம்ப மெல்லிசா இருக்கணும். மெட்டுக் கம்பியைக் குறுக்கால வெட்டிப் பார்த்தா காளான் மாதிரி இருக்கும். மேல குடை, கீழ காம்பு. காம்புல ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன முள்ளு. காம்போட கனம் அரை மில்லிக்குக் கொஞ்சம் கூட. வெட்டும் அதே அளவு இருக்கணும். அகலமாப் போனா மெட்டு எந்திரிச்சுக்கும். இறுக்கமா இருந்தா இருபது மெட்டும் இருபது ஆப்பு மாதிரி மரத்தைப் பிதுக்கி, பலகையே பின்னால வில்லா வளைஞ்சிரும். ஊஞ்சல் மரத்துலயே வேண்டாத ஒரு துண்டு எடுத்து, அதுல நாலு ரம்பம் ஓட்டிப் பார்த்து, கம்பி அடிச்சுப் பிடுங்கிப் பார்த்து, எது சரியோ அதைத்தான் பலகை மேல வச்சேன்.

அப்புறம் மேல்பக்கம் லேசா முதுகு வைக்கணும். நான் எடுத்தது பதினாறு அங்குல ஆரம். 56 மில்லி அகலத்துல ஓரம் ஒரு மில்லிதான் தாழும். பார்த்தாத் தெரியாது, விரலுக்குத் தெரியும். உட்பக்கம் குழியாத் தேய்ச்ச கட்டையில உப்புத்தாள் ஒட்டி, நீளவாக்குல இழுத்து இழுத்துத் தேய்க்கிற வேலை. எட்டு வருசம் எனக்குக் கொடுத்த ஒரே வேலை அதுதானே! அந்த இடத்துல என் கைக்கு ஈடு யாரும் இல்ல. ஓரம் தேய்ஞ்சதும் வெட்டோட ஆழம் அங்க குறைஞ்சிரும். மறுபடி ரம்பத்தை விட்டு ஆழப்படுத்தணும். இதைச் செய்யாம அடிச்சா மெட்டோட நுனி உக்காராது.

பலகையைக் கழுத்துல ஒட்டுறப்ப பசை ஈரத்துல வழுக்கும். தலை வெட்டின ரெண்டு குண்டூசி ஆணியைக் கழுத்துல நட்டு, பலகையை அது மேல பதிச்சா நகராது. மேல நேர்க்கட்டை வச்சு எட்டு கிளாம்ப் போட்டு ஒரு நாள் பூரா விட்டேன்.

*

மெட்டு அடிக்கிற நாள்ல காலனிப் பிள்ளைங்க பூராவும் வந்து உக்காந்திருச்சுங்க. கம்பி பேரு ஜெர்மன் சில்வர். வெள்ளி ஒரு துளி கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பலகையோட முதுகைவிடக் கொஞ்சம் கூடுதலா வளைச்சுக்கணும். முதல்ல ரெண்டு நுனியையும் தட்டி, அப்புறம் நடுவைத் தட்டினா முள்ளு பக்கவாட்டுல விரிஞ்சு மரத்தைக் கவ்விக்கும். பித்தளைச் சுத்தியல். ஓங்கி அடிச்சா மெட்டு துள்ளும். சரியா உக்கார்றப்ப சத்தம் மாறும். அதுவரைக்கும் 'டிங் டிங்'னு இருந்தது 'டொக்'குனு கெட்டியாகும். பிள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டே "உக்காந்திருச்சு"ன்னு சொல்ல ஆரம்பிச்சிருச்சுங்க. சுருதி வராத காதுங்க!

உடம்பு மேல வர்ற கடைசி ஆறு மெட்டுக்கு அடியில கழுத்து இல்ல, மெல்லிசு மேல்பலகைதான். அங்க ஓட்டை வழியா உள்ள கையை விட்டுக் கனமான இரும்புத் துண்டைத் தாங்கிப் பிடிக்கணும். பிடிச்சது அந்தப் பொண்ணு. அவ கைதான் நுழைஞ்சது.

அடிச்சு முடிச்சதும் நுனியை நறுக்கி, அரத்தால சரிச்சு, நீள அரத்தை எல்லா மெட்டு மேலயும் ஓட்டிச் சமமாக்கணும். மெட்டுத் தலையில மையைப் பூசிட்டு ஓட்டினா எது தாழ்ந்திருக்குன்னு மை சொல்லும். சின்ன நேர்ப்பட்டையை மூணு மூணு மெட்டு மேல வச்சு ஆட்டிப் பார்க்கணும். ஆடினா நடுவுல இருக்கிறது உசரம். ஒண்ணு உசந்து நின்னாலும் பக்கத்துல இருக்கிறதோட சுரம் கரகரன்னு செத்துப்போகும். அப்புறம் முக்கோண அரத்தால தலையை மறுபடி உருட்டி, உப்புத்தாளால மெருகேத்தணும்.

வீணையில இப்படி இல்ல. அங்க இருபத்துநாலு மெட்டையும் கரித்தூள் கலந்த மெழுகுல பதிப்பாங்க. மெழுகு தளர்ந்தா சரி பண்ணிக்கலாம். கிட்டார்ல அடிச்சது அடிச்சதுதான். கணக்கை முன்னாலயே போட்டாகணும்.

தலைப்பக்கத்துத் துண்டுக்கு மாட்டெலும்பு. நல்ல கிட்டார்ல காலங்காலமா அதுதான். எலும்பை நானே கசாப்புக் கடையில வாங்கி, அவிச்சுக் கொழுப்பெடுத்து வெயில்ல காயவச்சு அறுத்தேன். கழுத்துல ஒட்டின பசை வச்சிரம். அதுவும் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிறதுதான். எங்கய்யா தூரத்துல உக்காந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தார். "மூணு தலைமுறை சுத்தி மறுபடியும் அங்கயே வந்து நிக்கிறியேடா"ன்னார். கோவமா சிரிப்பான்னு தெரியல. கொஞ்ச நேரங்கழிச்சு எலும்புத் துண்டை வாங்கி நகத்தால சுரண்டிப் பார்த்துட்டு, "இன்னும் ரெண்டு நாள் காயணும்"னார். தாத்தாகிட்ட கத்துக்கிட்டது கைக்குள்ளயே இருந்திருக்கு.

*

"பறை இருக்கிறப்ப எதுக்குத் தோழர் கிட்டார்?"னு ஒரு இயக்கத் தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. 1990கள்ல தலித் கலை விழா மேடையில பறை ஏறினப்ப, சாவு வீட்டு அடையாளம் விடுதலைக் குரலா மாறினதைக் கண்ணால பார்த்தவன் நான். அதைக் கீழ வைக்கச் சொல்லல. ஆனா "ஒங்களுக்குத் தாளம், எங்களுக்குச் சுருதி"ன்னு பிரிச்சு வச்ச கோடு இருக்கே, அதை நாமளே காவல் காக்க வேண்டாம்.

கருவி செய்யிற உரிமை பத்தி ஐரோப்பாவுலயும் சண்டை நடந்திருக்கு. ஜெர்மனியில மார்க்நொய்கிர்ஷன்னு ஒரு ஊரு. அங்க வயலின் செய்யிறவங்களுக்கு ஒரு சங்கம். அலமாரி செய்யிற தச்சருங்க கிட்டாரும் செஞ்சு வித்தாங்க. 1826ல வயலின்காரங்க அதிகாரத்துக்கு மனு கொடுத்தாங்க. நாங்க கலைஞர்கள், இவங்க வெறும் கைவேலைக்காரங்க, இவங்களைக் கிட்டார் செய்யவிடக்கூடாதுன்னு. 1832ல மறுபடியும் வழக்கு. தச்சருங்க பக்கந்தான் தீர்ப்பாச்சு. ஆனாலும் அந்தத் தச்சர் குடும்பத்துல பிறந்த கிறிஸ்டியான் ஃப்ரெடரிக் மார்ட்டின் 1833ல கப்பலேறி நியூயார்க்குக்குப் போயிட்டார். இன்னைக்கு உலகமே கொண்டாடுற மார்ட்டின் கிட்டார் அவர் தொடங்கினதுதான்.

சங்கமும் சாதியும் ஒண்ணுன்னு நான் சொல்லமாட்டேன். மார்ட்டின் கப்பலேறினதும் சங்கம் கரையிலேயே நின்னுபோச்சு. நம்மாளுங்க இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினப்ப சாதியும் கூடவே ஏறிருச்சு. ஆனா வாதம் மட்டும் அச்சு அசலா ஒண்ணு. எங்களுது கலை, உன்னுது வேலை. இந்த வாதத்துக்குப் பதிலை மெட்டுக்கிட்டதான் கேக்கணும். 325ல நிக்கிதா இல்லையான்னு மட்டுந்தான் அது சொல்லும். யார் அடிச்சாங்கன்னு அதுக்குத் தெரியாது.

கம்பி ஏத்தினோம். கம்பியை அமுக்கிறப்ப அது கொஞ்சம் இழுபடும், சுரம் ஏறும். அதுக்கு ஈடாப் பாலத்தை ரெண்டு மூணு மில்லி பின்னால தள்ளி, தடிக்கம்பிப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வச்சிருந்தோம். அந்தப் பொண்ணு பன்னிரண்டாவது மெட்டுக்கு நேரா கம்பியை அமுக்காம விரலை வச்சு எடுத்து மணிச் சத்தத்தைக் கேட்டா. அப்புறம் அதே இடத்துல அமுக்கி மீட்டினா. ஆறு கம்பியிலயும் அப்படியே செஞ்சா. ரெண்டும் ஒண்ணு. "இடிக்கல மாமா"ன்னா. அவ்வளவுதான். அதுக்கு மேல எதுவும் சொல்லல. வாசிக்க ஆரம்பிச்சுட்டா.

சித்திரை வெயில்ல மரம் சுருங்கி மெட்டு நுனி ஓரத்துல முள்ளாத் துருத்துச்சு. அது எல்லாக் கிட்டாருக்கும் வர்றது. ஓர் அரம் எடுத்து ஓட்டினதும் போச்சு. அந்த அரம் ஓட்டினது நான் இல்ல, அவதான். இப்ப ரெண்டாவது கிட்டாருக்குப் பலகை அறுத்து வச்சிருக்கோம். மாலைப் பள்ளிச் சுவத்துல கணக்கை எழுதி ஒட்டியிருக்கு. உங்க ஊர்ல யாராவது செய்யிறதா இருந்தா எடுத்துக்கோங்க. 650 மில்லி கம்பிக்கு, தலையிலேருந்து அளக்கணும்:

36.48, 70.92, 103.42, 134.09, 163.05, 190.38, 216.18, 240.53, 263.51, 285.20, 305.67, 325.

பன்னிரண்டுக்கு மேல வேணும்னா, இதே எண்களைப் பாதியாக்கி 325ஓட கூட்டிக்கோங்க. பதிமூணாவது 343.24. மிச்சத்தைப் பிள்ளைங்களைப் போடச் சொல்லுங்க. வரும்.